முதுகுக்கு ஏத்த மூட்டை

பை வாங்கறதுல அப்படி என்னய்யா இருக்கு, தோள்ல மாட்டினா தொங்கணும், அவ்வளவுதானே என்று கேட்கிற மக்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளவும். மலை ஏறும்போது செருப்பு கடித்தால் கழட்டிக் கையில் எடுத்துக்கொள்ளலாம். பை கடித்தால் அதைக் கழட்டி எங்கே வைப்பீர்கள்? தண்ணி, சாப்பாடு, மருந்து எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு. இறங்கி வரும்வரை அதனுடன் குடித்தனம் நடத்தியே ஆகணும்.

நான் சொல்ல வருவது இமயமலைக்கு ஒரு மாசம் டேரா போடப் போகிற பையைப் பற்றி இல்லை. காலையில் ஏறி சாயங்காலம் இறங்குகிற மலைகளுக்கான பை. திருச்சிக்காரனுக்கு அதற்குப் பஞ்சமே கிடையாது. துறையூர் பக்கம் போனால் பச்சைமலை, புளியஞ்சோலை தாண்டினால் கொல்லிமலை, முசிறி பக்கம் தலைமலை. ஒண்ணுமே முடியலைன்னா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வரலாம், அதுவும் நானூத்திச் சொச்சம் படி.

அடியேன் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது பொட்டி தட்டுகிற வேலை. சென்னையில் அஞ்சு நாள் ஆணி பிடுங்கிவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து ஊருக்கு வருகிற கூட்டத்தில் ஒருத்தன். இந்த வருஷம் ரெண்டு மாசமாக வீக்எண்ட் முழுக்க எனக்கு ஓடினது ஒரே விஷயம்தான். அப்பாவுக்கு ஒரு பை.

அப்பாவுக்கு 63 வயசு. பெல் கம்பெனியில் கனமான சாமான்களை கிரேனில் ஸ்லிங் போட்டுத் தூக்குகிற வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஆடி 18 அன்னிக்கு ஊரே அம்மா மண்டபத்துக்கும் காவிரிக்கரைக்கும் சித்ரான்ன டப்பாவோடு போகும்போது இவர் மட்டும் எதிர்த்திசையில் போவார். புளியஞ்சோலையில் இருந்து பாறை வழியாக ஏறி, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில். அந்தப் பக்கத்து ஜனங்கள் பலபேர் ஆடி 18க்கு அப்படி ஏறுகிற வழக்கம் உண்டு. நாமக்கல் பக்கமாக 70 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு போட்டு பஸ் எல்லாம் போகுதேப்பா என்றால், "பஸ்ல போறதுக்கு சமயபுரம் போதாதா?" என்பார். கல்யாணத்துக்கு முன்னாடியில் இருந்து போகிறார். பத்தாங்கிளாஸில் இருந்து நானும் கூட ஏறுகிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை வந்தது. இடது காலில் ஒரு மரமரப்பு. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார்கள். அந்த ஆடிக்குப் போகலை. போன வருஷம் ஆடியில் கால் நன்றாகவே இருந்தது, ஆனாலும் போகலை. ஏன்ப்பா என்றதற்கு, "வெயிட்டு தூக்கக் கூடாதுன்னுட்டாங்க, நீ எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு வர, நான் கைய வீசிக்கிட்டு வர்றதுக்கு என்ன மாப்பிள்ளை அழைப்பா?" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. ஒரு மனுஷன் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டால் அதை மனசுக்குள் முடித்துக்கொண்டு விட்டார் என்று அர்த்தம். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதனால் இந்த வருஷம் பிசியோதெரபிஸ்ட்டிடம் ரெண்டு பேருமாகப் போய் நேராகவே கேட்டோம். அவர் மூணு கண்டிஷன் போட்டார். பையோடு சேர்த்து 3 கிலோவுக்கு மேல் கூடாது. பாரம் தோளில் தொங்காமல் இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும். குனிந்து தரையில் இருந்து பையைத் தூக்கவே கூடாது. இது அப்பாவோட முதுகைப் பார்த்து அவருக்குச் சொன்னது. உங்க வீட்டு முதுகுக்கு உங்க டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

தோளா, இடுப்பா என்பது நம் ஊருக்குப் புதுசு இல்லை. நம்ம ஆட்கள் கனமான எதையும் தோளில் பின்பக்கமாகத் தொங்கவிட்டதில்லை. சும்மாடு கட்டித் தலையில் வைத்தார்கள். சபரிமலை இருமுடியும் தலையில்தான். காவடி என்றால் ரெண்டு பக்கமும் சமமாகத் தொங்கும். எல்லாவற்றிலும் கணக்கு ஒன்றுதான், பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே இறங்கணும், ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. பின்பக்கம் தொங்குகிற பை அந்தக் கணக்கை மீறுகிறது. பை பின்னால் இழுக்கும், அதை ஈடுகட்ட நாம் முன்னால் குனிவோம், அந்தக் குனிதல் முழுக்க இடுப்புத் தசையின் தலையில் விடியும்.

வெள்ளைக்காரர்களும் இதைச் சரிபண்ண ரொம்ப நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1900களின் தொடக்கத்தில் நார்வேயில் ஓலே பெர்கன் என்பவர் முதுகு வளைவுக்கு ஏற்ற சட்டம் வைத்துப் பை செய்தார். 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் நண்பரோடு மலை ஏறும்போது, பைச் சட்டத்தின் அடிமுனைகளை பேன்ட்டின் பின்பாக்கெட்டில் செருகிப் பார்த்ததாகச் சொல்வார்கள். தோளில் இருந்த பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. 1952ல் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்த பைகளை விற்க ஆரம்பித்தார். தைத்தது அவர் மனைவி நீனா. இன்னிக்குக் கடையில் தொங்குகிற எல்லா ட்ரெக்கிங் பையின் இடுப்பு பெல்ட்டுக்கும் அந்தப் பின்பாக்கெட்தான் பாட்டன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் செய்யவேண்டிய வேலை ரெண்டு.

முதல் வேலை, தராசு. என்னென்ன கொண்டுபோகிறோம் என்பதை எல்லாம் கூடத்தில் பரப்பி ஒவ்வொன்றாக எடை போடணும். நாங்க போட்ட லிஸ்ட் இது. ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தண்ணி 5 லிட்டர், அதாவது 5 கிலோ. புளியோதரையும் மத்த தீனியும் 1 கிலோ. ரெயின்கோட் ரெண்டு, தலா 400 கிராம். துண்டு, மாத்து வேட்டி அரை கிலோ. முதலுதவிப் பொட்டலம் 250 கிராம். டார்ச்சும் பவர் பேங்க்கும் 350. தேங்காய், பழம், சூடம் வகையறா 600. கூட்டினால் எட்டரை கிலோ. இதில் பாதிக்கு மேல் தண்ணிதான். பையை லேசாக வாங்குகிறேன் என்று 200 கிராமுக்கு ரெண்டாயிரம் ரூபாய் அதிகம் கொடுக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவும். வழியில் நிரப்பிக்கொள்ள நல்ல தண்ணி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தால் ஓசியிலேயே 2 கிலோ குறையும்.

ஒரு நாள் நடைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் பாரம் இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. நான் 70 கிலோ, ஆக எனக்கு 7. அப்பாவுக்கு டாக்டர் கணக்கு 3.

ரெண்டாவது வேலை, டேப். பை சைஸ் என்றால் எல்லாரும் லிட்டரைத்தான் கேட்பார்கள். ஆனால் உயரமான ஆளுக்கு நீளமான முதுகு இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. தலையைக் குனிந்தால் கழுத்துக்குக் கீழே ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு வரும். அது ஒரு புள்ளி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றால் கட்டைவிரல் ரெண்டும் இடுப்பு எலும்பு மேல் பின்பக்கம் பார்த்து நிற்கும். அந்த ரெண்டு விரலுக்கும் நடுவில் முதுகுத்தண்டில் ஒரு புள்ளி. ரெண்டு புள்ளிக்கும் இடையே உள்ள நீளம்தான் முதுகு அளவு. தையல் டேப்பை வைத்து அம்மா அளந்தாங்க. அப்பாவுக்கு 43 சென்டிமீட்டர். அவரை விட நாலு விரக்கடை உயரமான எனக்கு 44. இந்த அளவு பொருந்தாத பையில் இடுப்பு பெல்ட் ஒன்று தொப்பையைக் கட்டும், இல்லாவிட்டால் தொடைக்கு இறங்கும். ரெண்டிலும் பாரம் தோளுக்கே திரும்பிப் போய்விடும். பெண்களுக்கு என்று முதுகு குட்டையாகவும் தோள்பட்டை வளைவாகவும் தைத்த பைகள் தனியாகவே வருகின்றன. பிங்க் கலருக்காக அதை ஒதுக்காமல் அளவுக்காகப் பாருங்க. குட்டை முதுகுள்ள ஆண்களுக்கும் அது பொருந்தலாம் :)

அடுத்து, எது சீக்கிரம் கிழியும் என்று தெரிந்துகொள்ள கம்பெனி நோட்டீஸைப் படிக்கிறதை விட பை ரிப்பேர் பண்ணுகிறவரிடம் போவது உத்தமம். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சின்ன சந்தில் ஒரு அண்ணன் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்கூல் பையில் இருந்து சூட்கேஸ் வரை அவரிடம் வராத பையே கிடையாது. "அண்ணே, எது அதிகமா வருது?" என்றதும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். முதல் இடம் ஜிப்பின் ரன்னர். அடுத்து தோள்பட்டை பையோடு சேர்கிற வேர். அப்புறம் உடைந்த பக்கிள். கடைசியாக அடிமூலை தேய்வது. துணி நடுவில் கிழிந்து வருவது அபூர்வமாம்.

"ரன்னர் போனா ஜிப்பே போச்சுன்னு நினைச்சுக்கிறாங்க தம்பி. பல்லு நல்லா இருந்தா ரன்னர் மட்டும் மாத்தினா போதும். ஆனா உள்ள பூச்சு உரிஞ்சு வந்துச்சுன்னா எங்கிட்ட வராதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அந்தப் பூச்சு என்பது பாலியூரித்தேன். தண்ணி ஊடுருவாமல் இருக்க துணியின் உள்பக்கம் தடவுவது. ஈரமும் உஷ்ணமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிரும். மழையில் நனைந்த பையை அப்படியே சுருட்டி பரண் மேல் போடுகிற புண்ணியவான்களின் பை, மலையே ஏறாமல் பரணிலேயே செத்துப்போவது இதனால்தான். நிழலில் நன்றாகக் காயவைத்து, காற்றாடத் தொங்கவிட்டால் பல வருஷம் வரும்.

ஜிப் விஷயத்தில் இன்னொன்று. பல்லின் மேல் 5, 8, 10 என்று நம்பர் சொல்வார்கள். மூடின நிலையில் பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். பெரிய வாய்க்கு 8 அல்லது 10 இருந்தால் நல்லது, சின்னப் பாக்கெட்டுக்கு 5 போதும். ஒய்கேகே என்ற மூணு எழுத்தை ரன்னரில் பார்த்திருப்பீர்கள். 1934ல் ஜப்பானில் ஆரம்பித்த கம்பெனி. அது இருந்தால் நிம்மதி, ஆனால் எழுத்தை மட்டும் பொறித்த டூப்ளிகேட்டும் உலாவுவதால் ஜிப்பை இருபது தடவை இழுத்துப் பார்ப்பதே சரியான பரீட்சை. வளைவில் சிக்காமல் ஒரே கையால் வரணும்.

அப்புறம் இந்த 'டி' கணக்கு. 420டி, 600டி, 1000டி என்று அட்டையில் போட்டிருப்பார்கள். டெனியர் என்பதன் சுருக்கம். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். அதாவது ஏறக்குறைய திருவானைக்காவலில் இருந்து சமயபுரம் வரைக்கும் ஒரே நூலை இழுத்துக் கட்டி, அதைச் சுருட்டித் தராசில் போட்டால் 420 கிராம் வந்தால் அது 420டி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 600டி பாலியெஸ்டர் எண்ணிக்கையில் பெரிசாகத் தெரியும், ஆனால் பாறையில் உரசுவதைத் தாங்குவதில் நல்ல 420டி நைலான் அதற்குச் சளைத்ததில்லை. அதே சமயம் வெயிலில் காய்ந்து சாவதில் நைலானை விட பாலியெஸ்டர் தாக்குப்பிடிக்கும். ஆக நம்பரை மட்டும் பார்க்காமல் எந்தத் துணி என்று பார்க்கணும். கொல்லிமலை மாதிரி பாறை வழிக்கு அடிப்பாகம் மட்டும் தடித்த துணி, மேலே லேசான துணி என்று ரெண்டுவிதமாகத் தைத்த பை போதுமானது.

இத்தனையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கையில் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ஒன்று. காலிப் பையை மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றால் எல்லாப் பையும் சொர்க்கம்தான். வெயிட் போட்டுப் பத்து நிமிஷம் கடைக்குள்ளேயே நடக்கணும்.

முதல் கடையில் (பேர் வேண்டாமே) ஒரு தம்பி எடுத்ததும் 45 லிட்டர் பையை இறக்கினார். "ரேட்டு முந்நூறுதான் வித்தியாசம் சார், பெரிசாவே எடுத்துக்கங்க." ஒரு நாள் மலைக்கு 20ல் இருந்து 25 லிட்டர் போதும். பெரிசாக வாங்கினால் காலி இடம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும், நாமும் எதையாவது அள்ளிப்போடுவோம். பாதி நிறைந்த பெரிய பையில் சாமான் அடியில் போய் விழுந்து ஆடும் என்பது வேறு. அந்தத் தம்பி இடுப்பு பெல்ட் என்று காட்டியது வெறும் நாடா. அது பை ஆடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பாரத்தை இடுப்புக்கு இறக்க வேண்டுமானால் பெல்ட்டில் மெத்தை இருக்கணும், பையின் முதுகில் விறைப்பான தகடோ கம்பியோ இருக்கணும். முதுகு தொளதொள என்று இருந்தால் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் மடங்கித் தோளுக்கே வந்துவிடும்.

ரெண்டாவது கடையில்தான் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் லேபிளைப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு பையை உள்ளும் புறமுமாகத் திருப்பிப்போட்டு, தோள்பட்டை சேர்கிற இடத்தைக் கட்டைவிரலால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"இங்க பாருடா. ஸ்லிங்கு அறுந்தா எங்க அறும்? நடுவுல அறாது. கொக்கியில மாட்டற கண்ணுல அறும். இதுலயும் அப்படித்தான். பட்டையோட முனை இந்தத் துணி விளிம்புல மட்டும் சொருகி ஒரே கோடா தைச்சிருக்கான். இத வைச்சிரு. இதோ இதப் பாரு, உள்ள ஒரு ஒட்டுத் துணி வச்சு, குறுக்கும் நெடுக்கும் நெருக்கமா அடிச்சிருக்கான். இதுதான் நிக்கும்."

அந்த நெருக்கமான தையலுக்கு பார்டேக் என்று பேர். இன்டர்நெட்டில் ரெண்டு வாரம் படித்து நான் தெரிந்துகொண்டதை, முப்பது வருஷம் பாய்லர் சாமானைத் தூக்கின மனுஷன் ரெண்டு நிமிஷத்தில் விரலால் கண்டுபிடித்துவிட்டார். கடைக்காரத் தம்பி அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை, எல்லாம் "ஐயா, இதப் பாருங்க ஐயா"தான்.

கடைசியில் ரெண்டு பை மிஞ்சியது. ஒன்று முதுகோடு ஒட்டி உட்காரும் தட்டை முதுகு. இன்னொன்று முதுகில் வலை கட்டி, பை வளைந்த கம்பியால் தள்ளி நிற்பது. ஜெர்மனியின் டாய்ட்டர் கம்பெனி 1984ல் கொண்டுவந்த யோசனை இது. காற்று போவதால் முதுகு அவ்வளவாக நனையாது, திருச்சி வேர்வைக்கு வரப்பிரசாதம். குறை என்னவென்றால் பாரம் முதுகை விட்டு சில சென்டிமீட்டர் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் பின்னால் இழுக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோ சுமப்பவர்கள் யோசிக்கணும். 3 கிலோவுக்கு அந்த இழுப்பு பெரிசாக இல்லை. கம்பி இருப்பதால் பாரம் நேராக இடுப்பு பெல்ட்டில் இறங்கியது வேறு. அப்பா ரெண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றி வந்து, தோள்பட்டைக்கு அடியில் ரெண்டு விரலை விட்டுக் காட்டினார். விரல் லேசாக நுழைந்தது. "தோள்ல ஒண்ணுமே இல்லடா." வலை முதுகு, 22 லிட்டர், 900 கிராம், மழைக்கு உறையும் கூடவே. தீர்ந்தது விஷயம்.

மழை உறை என்றதும் ஒன்று. முன்னெல்லாம் பைக்குள்ளே ஒரு பெரிய பாலித்தீன் கவரைப் போட்டு அதற்குள் சாமானை வைப்போம். 2019 ஜனவரி 1ல் இருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை போட்டு எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை. மலையில் பறக்கிற கவரை மாடும் மானும் தின்கிற கதை உங்களுக்கே தெரியும். பல வருஷம் உழைக்கிற உறைதான் சரி.

இப்போது மூணாவது கண்டிஷன், தரையில் இருந்து தூக்கக் கூடாது. இதற்கு எந்தக் கம்பெனியும் பட்டன் வைக்கலை. விடை அப்பாவிடமே இருந்தது. பழைய ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். ரெண்டு கல்லை நட்டு மேலே குறுக்கே ஒரு கல். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்கள் நினைவாக அதை நட்டுவைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் குனியாமல், இன்னொரு கை உதவி இல்லாமல் இறக்கி வைத்து, அதேபோல ஏற்றிக்கொள்ளலாம். அது அத்தனை உயரத்தில் இருப்பதன் ரகசியமே அதுதான். "பாறைக்கா பஞ்சம்? இடுப்பு உசரப் பாறையாப் பாத்து உக்கார வேண்டியது, பைய அதுல வச்சே கழட்டி அதுலயே மாட்டிக்க வேண்டியது. தரையில வைக்கவே வேணாம்" என்றார். உட்கார்ந்து ஓய்வெடுக்கிற இடத்தைப் பையின் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பது முதுகு நல்லா இருக்கிறவங்களுக்கும் உபயோகமான பழக்கம்.

பிறகு பரீட்சை. மலைக்கோட்டைக்குப் போனோம். பைக்குள் பொன்னி அரிசி 2 கிலோ, மேலே ஒரு டார்ச், எல்லாம் சேர்த்து 3 கிலோ. பாரமான பொருள் முதுகை ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருக்கணும் என்பதால் அரிசியைத் துண்டில் சுற்றி அங்கே நிற்கவைத்தோம். முதலில் பெல்ட்டை இடுப்பு எலும்பின் மேல் கட்டி இறுக்கி, அப்புறம் தோள்பட்டையை லேசாக இழுத்து, கடைசியாக நெஞ்சுப் பட்டை. இந்த வரிசை முக்கியம். தோளை முதலில் இறுக்கிவிட்டால் பெல்ட் சும்மா அலங்காரம்தான்.

ஏறும்போது தாயுமானவர் சன்னதி திருப்பத்தில் ஒருமுறை, மேலே உச்சிக்கு முன்னால் ஒருமுறை நின்றார். மேலே போய் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நம்ம ஊர் கோபுரத்தைத் தேடிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கோபுரத்தைப் பார்க்கவில்லை, அவர் இடது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கத்தில்தான் பை ஆடும் என்பதால் பட்டைகளை ஒரு இழுப்பு இறுக்கிக்கொண்டு இறங்கினோம். பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார், அன்னிக்கு வலிப்பது பெரிசில்லை, மறுநாள் காலையில் கால் மரக்கிறதா பாருங்கள் என்று. ஞாயித்துக்கிழமை காலையில் நான் எழுந்திருக்கும்போது அவர் காபி டம்ளரோடு திண்ணையில். "மரக்கல" என்றார். ஒரே வார்த்தை. பேப்பரைப் பிரித்துவிட்டார். ஒரு நிமிஷம் கழித்து, பேப்பருக்குள் இருந்தே, "ஆடி 18 இந்தத் தடவை என்னிக்கு வருது?" என்றார்.

இப்போதைய பங்கீடு இதுதான். அப்பா பையில் அவர் ரெயின்கோட், முதலுதவி, டார்ச் வகையறா, தேங்காய் பழம், அரை லிட்டர் தண்ணி. 2 கிலோ 100 கிராம், பையோடு சரியாக 3. மீதி ஆறு கிலோ நானூறும், ஒரு கிலோ எடையுள்ள என் பையும் என் முதுகில். ஏழைக் கொஞ்சம் தாண்டுகிறது, முதல் மணி நேரத் தண்ணியில் அது இறங்கிவிடும். அரை லிட்டரை அவரிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. வழியில் ரெண்டு பேரும் பிரிந்துபோனால் தண்ணி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் பேசி முடிவு பண்ணியாச்சு. வழியில் கால் மரக்க ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே திரும்புவது. கோயில் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. அப்பா ஒத்துக்கொண்டார். தேங்காயை அங்கேயே ஒரு பாறையில் உடைத்துவிட்டு வரலாமாம், சாமி ஒண்ணும் சொல்லாதாம்.

புறப்படுகிற யாராக இருந்தாலும் வனத்துறையிடம் அன்னிக்கு வழி திறந்திருக்கா என்று கேட்டுக்கொண்டு போங்க. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலை ஏறப் போன அத்தனை பேர் செத்ததற்கு அப்புறம் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைவது சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு. தனியாகப் போக யோசிப்பவர்களுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் ஆரம்பித்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் வழிகாட்டியோடு 40 பாதைகள் அறிவித்தார்கள், அதில் உங்களுக்குத் தோதானது இருக்கிறதா பாருங்க.

தினமும் விடியற்காலை அப்பா அதே அரிசியோடு பையை மாட்டிக்கொண்டு விபூதிப் பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார். "என்ன சார், காலங்காத்தால ஊருக்கா?" என்று கேட்கிற எல்லாரையும் நிறுத்திவைத்துப் பார்டேக் தையலைக் காட்டுகிறாராம். தெருவில் ரெண்டு பேர் இவரைக் கண்டால் ரோட்டைக் கிராஸ் பண்ணிப் போவதாகத் தகவல்.

எல்லாம் சரி, பைக்குள் இன்னும் காலி இடம் இருக்கிறது. அதை நிரப்பக் கூடாது என்பதில் அம்மாவுக்கு மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. நேத்து ஃபோனில், "ஒரு டப்பா முறுக்குதானேடா, அதுல என்ன வெயிட் வந்துடப்போகுது" என்றாங்க. தராசில் வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.